மின் நிலைய வேலைப் பரீட்சையில் பெயில்: வன்னியில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மின் உற்பத்தி நிலையங்களுக்கு இயக்குநர் (இயந்திரங்களை இயக்குகிறவர்), தொழில்நுட்பவியலாளர், பயிலுநர் என்று ஆள் எடுக்கும்போது பெரும்பாலும் முதலில் ஓர் உளச்சார்புப் பரீட்சை வைப்பார்கள். எங்கள் பக்கத்தில் இதற்கு ‘ஐ.கியூ பேப்பர்’ என்றுதான் பெயர். கேள்விகள் நிறைய இருக்கும், நேரம் கொஞ்சம்தான். கிளிநொச்சியில் தொழில்நுட்பப் பாடநெறிகளுக்குப் போகும் பிள்ளைகளுக்குக் கணிதம் சொல்லிக்கொடுக்கிறேன். பெறுபேறு வந்த பிறகு அந்தப் பிள்ளைகளும் தாய் தகப்பனும் என்னிடம் கேட்கிறவற்றையும் நான் சொல்கிற பதில்களையும் இங்கே எழுதியிருக்கிறேன்.

இந்தப் பரீட்சையில் என்னதான் பார்க்கிறார்கள்? நேரத்தை ஏன் இப்படி இறுக்குகிறார்கள்?

இயந்திரங்கள் பற்றிய அடிப்படை அறிவு, விரைவுக் கணக்கு, அட்டவணையும் வரைபும் வாசித்தல், உருவத் தொடர், ஒரு பந்தியை வாசித்து விளங்குதல். பெயர்கள் மாறினாலும் உள்ளே இருப்பவை இவைதான். கேள்விகள் சாதாரண தரக் கணிதத்தையும் விஞ்ஞானத்தையும் தாண்டிப் போவது குறைவு.

நேரத்தை இறுக்குவதற்குக் காரணம் இருக்கிறது. இலங்கையின் மின்வலையமைப்பு 50 ஹேர்ட்ஸில் ஓடுகிறது. உற்பத்தியும் பாவனையும் ஒன்றுக்கொன்று பொருந்தாத கணமே அந்த எண் அசையத் தொடங்கும். 2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை முழு நாடும் இருண்டதே, நினைவிருக்கிறதா? பாணந்துறை உபமின் நிலையத்தில் ஒரு குரங்கு மின்மாற்றியில் பட்டதுதான் காரணம் என்று அமைச்சர் சொன்னார். அங்கே தொடங்கிய குழப்பத்தில் நுரைச்சோலை நிலக்கரி மின் நிலையத்தின் மூன்று இயந்திரங்களும் நின்றுபோயின. அவை ஒவ்வொன்றும் 300 மெகாவாற். திரும்ப ஓடச் சில நாள் எடுத்தது, அதுவரை சுழற்சி முறையில் மின்வெட்டு. அப்படியான நேரத்தில் கட்டுப்பாட்டறையில் இருக்கிறவர் பல மானிகளை ஒரே பார்வையில் வாசித்து, எது முக்கியம், எதைப் பிறகு பார்க்கலாம் என்று செக்கன் கணக்கில் பிரிக்க வேண்டும். பரீட்சை அதைத்தான் கடதாசியில் அளக்கப் பார்க்கிறது.

ஆனால் அது அளப்பது அந்த வேலையின் ஒரு பக்கத்தை மட்டும்தான் என்பது என் அபிப்பிராயம். இரவு இரண்டு மணிக்கு நித்திரை தூங்காமல் மானியைக் கவனிக்கிற பொறுமையையும், சந்தேகம் வந்தால் மேலாளரை எழுப்பிக் கேட்கிற நேர்மையையும் எந்த ஐ.கியூ பேப்பரும் காட்டாது. ஆகவே ஒரு பெறுபேற்றை வைத்து “நான் இந்த வேலைக்குச் சரிவரமாட்டேன்” என்று முடிவு கட்டாதீர்கள்.

என்.வி.கியூ 4 (தேசிய தொழில் தகைமைச் சான்றிதழ்) இருக்கிறது. மோட்டர் கட்டுவேன், வயரிங் செய்வேன். பிறகு எப்படிப் பெயில்?

அதிகம் பேர் கேட்பது இதைத்தான். கேட்கும்போது அவர்களின் முகத்தைப் பார்க்க எனக்குக் கஷ்டமாக இருக்கும், ஏனென்றால் உண்மையிலேயே வேலை தெரிந்த பிள்ளைகள் அவர்கள்.

பள்ளிக்கூடத்தில் நாங்கள் பழக்கியது வேறு மாதிரி. ஒரு கணக்கை எடுத்தால் அதை முடி, படிமுறை காட்டு, விடை பிழைத்தாலும் படிமுறைக்குப் புள்ளி உண்டு என்று சொல்லி வளர்த்தோம். கட்டமைப்பு வினாவுக்கு அது நல்ல பழக்கம். உளச்சார்புப் பேப்பரில் அதே பழக்கம் ஆளைக் கவிழ்க்கும். அங்கே படிமுறைக்குப் புள்ளி இல்லை. ஏழாவது கேள்வியோடு மூன்று நிமிடம் மல்லுக்கட்டி அதைச் சரியாகச் செய்தாலும் கிடைப்பது ஒரு புள்ளி. அந்த மூன்று நிமிடத்தில் பின்னால் கிடந்த ஆறு இலகுவான கேள்விகள் கண்ணில் படாமலே போய்விடும். எனக்குத் தெரிந்த கெட்டிக்காரப் பிள்ளைகள் விழுந்தது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். கேள்வியை விட்டுவிட்டுப் போக அவர்களுக்கு மனம் வருவதில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இப்போது இந்தப் பரீட்சைகளுக்குப் போகும் பலர் போர் உச்சத்தில் இருந்த 2008, 2009இல் ஆரம்பப் பள்ளி வயதில் இருந்தவர்கள். ஒவ்வோர் ஊராக இடம்பெயர்ந்து, மரத்தடியிலும் பிறகு மெனிக் பாம் முகாமின் கூடாரங்களிலும் படித்தவர்கள். பெருக்கல் வாய்பாடு நாக்கில் ஊற வேண்டிய வருடங்களில் அவர்கள் தண்ணீருக்கு வரிசையில் நின்றார்கள். உயர்தரம் படித்து, பாடநெறி முடித்து இதுவரை வந்ததே பெரிய காரியம். 8 × 7 என்றால் 56 என்று யோசிக்காமல் வர வேண்டிய இடத்தில் இரண்டு செக்கன் பிந்துகிறது என்றால், அது மூளையில் குறை இருப்பதால் இல்லை. பழகக் கிடைக்கவில்லை, அவ்வளவுதான். அதை இப்போதும் பழகலாம்.

எங்கே பிழைத்தது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பெறுபேற்றுக் கடிதம் பொதுவாக ஒன்றும் சொல்லாது. பரீட்சை முடிந்த அன்று இரவே ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள்: எந்தப் பகுதியில் மணி அடித்தது, கடைசியாகத் தொட்ட கேள்வி எது, எதில் முழிசினீர்கள். ஒரு கிழமை போனால் எல்லாம் கலங்கிவிடும்.

பிறகு வீட்டில் ஒரு மாதிரிப் பேப்பரை எடுத்து, போனில் நேரம் வைத்துச் செய்யுங்கள். நேரம் முடிந்ததும் நீலப் பேனையை வைத்துவிட்டுச் சிவப்புப் பேனையால் மிச்சத்தையும் செய்யுங்கள். நீலத்தில் செய்தவை பெரும்பாலும் சரி, சிவப்பிலும் சரி என்றால் உங்களுக்குப் பாடம் தெரியும், வேகம்தான் போதாது. நீலத்திலேயே பிழை நிறைய என்றால் வேகத்தை விட்டுவிட்டு முதலில் பாடத்தைப் பாருங்கள். இரண்டுக்கும் மருந்து வேறு. பாடம் தெரியாத பிள்ளை டைமரை வைத்துக்கொண்டு ஓடினால் பிழையை வேகமாகச் செய்யத்தான் பழகும்.

வேகம் எப்படி வரும்?

ஒரு கணக்கைப் பார்ப்போம். 12,000 லீற்றர் தாங்கி, கால் பங்கு ஏற்கெனவே நிரம்பியிருக்கிறது. பம்ப் நிமிடத்துக்கு 250 லீற்றர் இறைக்கும். முழுக்க நிரம்ப எவ்வளவு நேரம்?

பெரும்பாலானவர்கள் கால் பங்கைக் கண்டுபிடித்து, கழித்து, 9,000ஐ 250ஆல் நெடும் பிரித்தல் செய்வார்கள். ஒரு நிமிடம் போய்விடும். வேகமாகச் செய்கிறவர் 250இன் நான்கு மடங்கு 1,000 என்பதைப் பிடித்துக்கொள்வார். ஆயிரம் லீற்றருக்கு நான்கு நிமிடம், ஒன்பதாயிரத்துக்கு 36. பேனையை வைக்கவே தேவையில்லை. 250, 125, 75 போன்ற எண்கள், 12.5 வீதம் என்றால் எட்டில் ஒன்று, 33 சொச்சம் வீதம் என்றால் மூன்றில் ஒன்று என்பவையெல்லாம் கையில் இருந்தால் பாதிக் கணக்குகள் இப்படி உடையும். குறுக்குவழி என்று இதைக் குறைவாக நினைக்க வேண்டாம், எண்களோடு நன்றாகப் பழகியவர்கள் இப்படித்தான் யோசிப்பார்கள்.

காலையில் இருபது நிமிடம், மனக்கணக்கு மட்டும். கால்குலேட்டர் தொடக்கூடாது. மாலையில் அட்டவணை வாசிப்பு: பஸ் நேர அட்டவணை, மின் பட்டியலின் பின்பக்கம், பத்திரிகையில் வரும் விலைப்பட்டியல், எது கிடைத்தாலும் சரி. தம்பி தங்கச்சியிடம் கொடுத்துக் கேள்வி கேட்கச் சொல்லுங்கள். நிரைக்கு விரலையும் நிரலுக்குப் பேனையையும் வைத்து, இரண்டும் சந்திக்கிற இடத்தை வாசியுங்கள். அட்டவணைப் பகுதியில் விழும் புள்ளிகளில் பெரும்பகுதி பக்கத்து நிரையை வாசித்ததால் போகிறது.

உருவத் தொடருக்கு நான் அதிகம் சொல்வதற்கில்லை. சுழல்கிறதா, எண்ணிக்கை கூடுகிறதா, நிறம் மாறுகிறதா என்று மூன்றை மட்டும் வரிசையாகப் பாருங்கள். அரை நிமிடத்தில் பிடிபடாவிட்டால் விட்டுவிடுங்கள்.

இயந்திர அறிவுப் பகுதிக்கு எந்தப் புத்தகம்?

சாதாரண தர விஞ்ஞானப் புத்தகத்தில் நெம்பு, கப்பி, அமுக்கம், மின்சாரம் பற்றிய அலகுகள் போதும். அதற்கு மேல் புத்தகம் தேடி அலைய வேண்டாம். வன்னியில் வளர்ந்தவருக்கு மிச்சம் கண்ணெதிரே இருக்கிறது.

சைக்கிளைக் கவிழ்த்து வைத்து மிதியைச் சுற்றுங்கள். முன் சில்லில் 48 பல்லும் பின் சில்லில் 16 பல்லும் இருந்தால், மிதி ஒரு சுற்று வரும்போது பின் சில்லு மூன்று சுற்று வரும். வேகம் மூன்று மடங்கு கூடும், திருப்பும் விசை மூன்றில் ஒன்றாகக் குறையும். பற்சில்லுக் கேள்வி எந்த உருவத்தில் வந்தாலும் உள்ளே இருப்பது இதுதான். இரண்டு பற்சில்லுகள் நேராகப் பொருந்தினால் எதிரெதிர்த் திசையில் சுற்றும், செயினாலோ பெல்ட்டாலோ இணைத்தால் ஒரே திசையில் சுற்றும் என்பதையும் அங்கேயே பார்க்கலாம். லாண்ட் மாஸ்டரின் (இரு சில்லு உழவு இயந்திரத்தின்) பெல்ட்டைப் பாருங்கள். குளத்துத் துருசை, அதாவது தண்ணீர் விடும் மதகை, திறக்கிறவரைப் பாருங்கள்: அவர் கைபிடியைப் பல சுற்று சுற்றினால் கதவு ஓர் அங்குலம்தான் உயரும், ஆனால் அவ்வளவு தண்ணீர் அமுக்கத்துக்கும் எதிராக ஒரே ஆளால் அதை உயர்த்த முடிகிறது. தூரத்தை விட்டுக்கொடுத்து விசையை வாங்குகிறோம்.

போரின்போது இங்கே பொருளாதாரத் தடை இருந்த காலத்தில் பற்றரி கிடைக்காதபோது எங்கள் அப்பா அம்மாமார் சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலிச் செய்தி கேட்டார்கள். மின் நிலையத்தில் நடப்பதும் அடிப்படையில் அதுதான். காந்தமும் கம்பிச் சுருளும் ஒன்றுக்கொன்று சார்பாகச் சுழல வேண்டும். சுழற்றுவது நுரைச்சோலையில் நிலக்கரி எரித்து எழுப்பும் நீராவி, விக்டோரியா அணையில் விழும் தண்ணீர், மன்னாரில் காற்று. வீட்டில் பெரியவர்களிடம் அந்த டைனமோக் கதையைக் கேளுங்கள். சுற்றுவதை நிறுத்தினால் சத்தம் என்ன ஆகும், ஏன் என்று நீங்களே விளக்கிப் பாருங்கள்.

தெரியாத கேள்விக்கு ஊகித்து அடையாளம் போடலாமா?

முதலில் அறிவுறுத்தலை வாசியுங்கள். மறைப்புள்ளி (பிழையான விடைக்குப் புள்ளி கழிப்பது) இல்லையென்றால் ஒன்றையும் வெறுமையாக விடாதீர்கள். கடைசி அரை நிமிடத்தை அதற்கென்றே ஒதுக்குங்கள். ஐந்து தெரிவு இருந்து பிழைக்குக் கால் புள்ளி கழித்தால், கண்ணை மூடிக்கொண்டு போடுவதில் சராசரியாக இலாபமும் இல்லை, நட்டமும் இல்லை. இரண்டு தெரிவுகளையாவது நிச்சயமாகத் தள்ளிவிட முடிந்தால் போடுவது இலாபம்.

தமிழில் எழுத உரிமை இருக்கிறதா? தமிழ்க் கேள்வியே விளங்கவில்லை என்றால்?

உரிமை இருக்கிறது. அரச சேவைக்கும் பகிரங்க நிறுவனங்களுக்கும் ஆள் சேர்க்கும் பரீட்சைகளைத் தமிழில் எழுதலாம் என்று அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரை சொல்கிறது. வேலை கிடைத்த பிறகு நியாயமான காலத்துக்குள் மற்ற மொழியைப் படிக்கச் சொல்லலாம், அது வேறு விடயம். விண்ணப்பத்தில் மொழிமூலம் என்ற கட்டத்தை நிரப்ப மறக்காதீர்கள்.

விளங்காத தமிழ்தான் பெரிய தலையிடி. மொழிபெயர்ப்புக் கரடுமுரடாக இருந்தால் அதை அவிழ்க்கவே நேரம் போகும், நேரம் இறுக்கமான பரீட்சையில் அது நேரடி அநியாயம். ஒரே கலைச்சொல்லை மூன்று மொழியிலும் தெரிந்து வைத்திருப்பது உதவும். பக்கத்தில் ஆங்கில வினாவும் இருந்தால் அதை ஒரு பார்வை பார்த்தாலே போதும். பிழையான மொழிபெயர்ப்பைக் கண்டால் கேள்வி இலக்கத்தோடு எழுதி, பரீட்சை நடத்தியவர்களுக்கு உடனே கடிதம் போடுங்கள். ஒருவர் எழுதினால் கோப்பில் கிடக்கும். அன்று எழுதியவர்கள் சேர்ந்து எழுதுங்கள்.

பரீட்சை கொழும்பில். இரவு பஸ்ஸில் போய் எழுதலாமா?

முடிந்தால் வேண்டாம். கிளிநொச்சியிலிருந்து 300 கிலோமீற்றருக்கு மேல். இரவு முழுக்க இருந்தபடி போய், பஸ் நிலையத்தில் முகம் கழுவி, வெறும் தேத்தண்ணியோடு மண்டபத்துக்குள் போகிறவரும், வீட்டில் நித்திரை கொண்டு இடியப்பம் சாப்பிட்டுவிட்டு வருகிறவரும் ஒரே பேப்பரை எழுதுகிறார்கள். கேள்விக்கு அரை நிமிடம் என்ற கணக்கில் வெட்டுப்புள்ளியை, அதாவது தெரிவாகத் தேவையான குறைந்த புள்ளியை, நீங்கள் எட்டுவதை அந்த ஓர் இரவு நித்திரை தீர்மானிக்கலாம். முதல் நாளே போய்த் தெரிந்தவர் வீட்டிலோ நாலு பேர் சேர்ந்து ஓர் அறையிலோ தங்குங்கள். செலவு என்று தாய் தகப்பன் யோசிப்பார்கள். விண்ணப்பத்துக்கும் படிப்புக்கும் போட்ட காசு வீணாகாமல் இருக்க இதையும் போடத்தான் வேண்டும். போனுக்குள்ளே இருக்கும் மணிக்கூட்டை மண்டபத்தில் பார்க்க விடமாட்டார்கள், ஒரு கைக்கடிகாரம் இரவல் வாங்கியாவது கட்டுங்கள்.

என் புள்ளி எவ்வளவு என்று கேட்டு வாங்க முடியுமா?

பரீட்சையை நடத்தியது அரச நிறுவனம் என்றால் கேட்கலாம். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் அந்த நிறுவனத்தின் தகவல் அலுவலருக்குத் தமிழிலேயே எழுதுங்கள். 14 வேலை நாட்களுக்குள் அவர் தீர்மானத்தைச் சொல்ல வேண்டும். உங்கள் புள்ளி, பகுதி வாரியான புள்ளி, வெட்டுப்புள்ளி என்று தெளிவாகக் கேளுங்கள். வினாத்தாளைக் கேட்டால் இரகசியம் என்று மறுக்கக்கூடும். தனியார் கம்பனி என்றால் இந்தச் சட்டம் பொதுவாக உதவாது, மரியாதையாக மின்னஞ்சல் போட்டுப் பாருங்கள்.

திரும்ப எழுதலாமா?

பெரும்பாலும் எழுதலாம். வயதெல்லையையும் அடுத்த விளம்பரத்தையும் கவனியுங்கள். 2024ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கச் சட்டம் மின்சார சபையையே தனித்தனிக் கம்பனிகளாகப் பிரிக்க வழி செய்தது. பழைய நடைமுறையை யாராவது அடித்துச் சொன்னாலும், புது விளம்பரத்தில் உள்ளதை வாசித்த பிறகே நம்புங்கள்.

ஒருவர் காசு கேட்கிறார். “பேப்பரில் பெயில் என்றாலும் உள்ளே ஆள் இருக்கிறது” என்கிறார்.

கொடுக்காதீர்கள். அம்மாவின் சங்கிலியை அடகு வைத்துக் கொடுத்த காசு திரும்பி வந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. கேட்கிறவரின் பெயரையும் செய்திகளையும் வைத்துக்கொண்டு பொலிஸில் முறையிடுங்கள். வெளிநாட்டு மின் நிலைய வேலை என்று சொன்னால், அந்த முகவருக்கு அனுமதிப்பத்திரம் இருக்கிறதா என்று வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் 1989 இலக்கத்துக்கு அழைத்துக் கேளுங்கள்.

கனடாவில் இருக்கும் சித்தி மகன் ‘பொஸ்’ (POSS) என்று ஒரு பரீட்சையில் பெயிலாம். அதுவும் இதுதானா?

அதே குடும்பம். எடிசன் எலக்ட்ரிக் இன்ஸ்டிட்யூட் என்ற அமெரிக்க மின் நிறுவனங்களின் சங்கம் உருவாக்கியது, மின் நிலைய இயக்குநர்களைத் தெரிவதற்கு. அமெரிக்காவிலும் கனடாவின் சில நிறுவனங்களிலும் பாவிக்கிறார்கள். பரவலாகத் தெரிந்த வடிவத்தில் இயந்திரப் பகுதி 44 கேள்வி, 20 நிமிடம். கணக்கு 18 கேள்வி, 7 நிமிடம், அதாவது ஒன்றுக்கு 23 செக்கன். உருவத் தொடர் 20 கேள்வி, 10 நிமிடம். வெட்டுப்புள்ளியும் மறுபடி எழுதக் காத்திருக்க வேண்டிய காலமும் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். அந்தச் சங்கமே மாதிரி வினாக்களை வெளியிடுகிறது. ஆங்கிலம் ஓரளவு வாசிக்கக்கூடியவர் என்றால் இங்குள்ள பிள்ளைகளும் அதில் பழகலாம், தரம் நல்லது.

கையில் காயம். கட்டங்களை நிழற்றுவதற்கே நேரம் போகிறது.

போரில் கை, கண் பாதிக்கப்பட்ட பிள்ளைகள் எங்களிடம் நிறையப் பேர். விண்ணப்பிக்கும்போதே வைத்திய அறிக்கையோடு மேலதிக நேரமோ உதவியாளரோ வேண்டும் என்று எழுத்தில் கேளுங்கள், மண்டபத்து வாசலில் கேட்டால் நடக்காது. மாற்றுத்திறனைக் காரணம் காட்டி ஆட்சேர்ப்பில் பாகுபாடு காட்டக்கூடாது என்று 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் சொல்கிறது. கடிதத்தில் அந்த இலக்கத்தைக் குறிப்பிடுங்கள்.

பெண் பிள்ளைகள் போகலாமா?

போகலாம், போக வேண்டும். பேப்பருக்கு ஆண் பெண் தெரியாது.

பெறுபேறு வந்த நாளிலிருந்து மகன் யாரோடும் கதைக்கிறானில்லை. என்ன செய்ய?

அம்மா, முதலில் பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு வேலை கிடைத்த கதையை வீட்டில் எடுக்காதீர்கள். “அடுத்த முறை பார்ப்போம்” என்று உடனே சொல்லவும் வேண்டாம், அது அவனுக்கு அடுத்த சுமை. சாப்பாட்டுக்குக் கூப்பிடுங்கள், வழமையான வேலைகளைச் சொல்லுங்கள், பரீட்சை பற்றி அவனாக வாய் திறக்கும்வரை பொறுங்கள். சாப்பிடாமல், நித்திரையில்லாமல் நாட்கள் போனாலோ, இருந்து என்ன பிரயோசனம் என்பது போலக் கதைத்தாலோ தனியே விடாதீர்கள், அன்றே மாவட்ட வைத்தியசாலையின் மனநலப் பிரிவுக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்துக்கும் எடுக்கலாம். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

இந்தப் பரீட்சை சரிவராவிட்டால் மின்துறைக்குள் போக வேறு வழி?

இருக்கிறது. மன்னார்த் தீவின் தம்பபவனியில் 30 காற்றாலைகள் நிற்கின்றன, ஒவ்வொன்றும் 3.45 மெகாவாற், மொத்தம் 103.5. அவற்றுக்கும், ஊரெங்கும் கூரைகளில் ஏறும் சூரியத் தகடுகளுக்கும் பராமரிப்பு ஆட்கள் தேவை. அந்த வேலைகளுக்குத் தனியார் கம்பனிகள் பெரும்பாலும் கைவேலையைப் பார்த்தே ஆள் எடுக்கின்றன. அறிவியல்நகரில் உள்ள இலங்கை ஜேர்மன் பயிற்சி நிறுவனத்தில் மின்னியலும் இயந்திரவியலும் படிக்கலாம். என்.வி.கியூ 4 இருக்கிறவர் 5, 6 என்று டிப்ளோமா வரை ஏறலாம். சான்றிதழ் இல்லாமல் வருடக்கணக்கில் வயரிங் செய்தவர் முன்கற்றல் அங்கீகாரத்தின் மூலம் சான்றிதழ் எடுக்கலாம், நைற்றா (அரசின் தொழிற்பயிற்சி அதிகாரசபை) அலுவலகத்தில் விசாரியுங்கள். போகும்போது செய்த வேலைகளின் படங்களையும், வேலை செய்வித்தவர்களின் கடிதங்களையும் கொண்டு போங்கள்.